ஹீட்டர் அணைந்துள்ளது

எண்பத்தைந்து. மறுபடியும் எண்பத்தைந்து. முப்பது, முப்பது, முப்பது என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே வந்துவிட்டு, திடீரென்று எண்பத்தைந்து என்கிறது, பிறகு ஒன்றுமே நடக்காதது போல முப்பது. தண்ணீர் எண்பத்தைந்து டிகிரிக்குப் போயிருந்தால் இந்த டிஸ்கஸ் மீன்கள் எல்லாம் இந்நேரம் குழம்பு. அவையோ தட்டுப் போன்ற உடம்பைச் செங்குத்தாக நிறுத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, பெண் பார்க்க வந்தவர்கள் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தரை இன்னும் காயவில்லை. ஆடி வெள்ளி என்று அத்தை காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை ஹாலைத் துடைத்துவிட்டார்; சாயங்காலம் தெருப் பெண்கள் விளக்குப் பூஜைக்கு வருவார்கள். மொசைக் தரையில் ஃபேன் காற்று பட்ட இடம் மட்டும் திட்டுத் திட்டாகக் காய்ந்து, மீதி மினுமினுக்கிறது. எண்பத்தைந்து எனக்குத் தெரிந்த எண்தான். இந்த வகை சென்சாருக்குக் கரண்ட் வந்து கண் விழித்ததும், தண்ணீரை அளந்து பார்ப்பதற்கு முன்பே வாயில் வருகிற எண் அது. அளவு இல்லை, இன்னும் அளக்கவில்லை என்பதற்கு அடையாளம். தூங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது வினோ என்று கூப்பிட்டால், என்ன கேட்டார்கள் என்று தெரியாமலே "ம்" என்பேனே, அதைப் போல. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் பெரும்பாலும் சொல்லிக்கொண்டிருப்பது அந்த "ம்"தான். காபி வேணுமா, ம். கோயிலுக்கு வர்றியா, ம். வாரம் முழுக்க ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவன் இளங்கோ போனில், அங்கே எல்லாரோடும் பேசுறியா என்று கேட்டால், அதற்கும் ம். சரி, சென்சார் ஏன் திரும்பத் திரும்பக் கண் விழிக்கிறது? யாரோ அதை உலுக்குகிறார்கள். வயர் லூஸாக இருக்கலாம். வயரில் ஈயப் பற்று வைத்த இடம் விட்டிருக்கலாம். அடாப்டர் சோர்ந்து போயிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், பதறாமல், காலேஜ் லேபில் செய்தது போல. மாமா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் மாற்ற வருவதற்குள் முடித்துவிட்டால் நல்லது. பாதியில் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தால், என்ன இன்ஜினியரம்மா, பேஷன்ட் பொழைக்குமா என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார்.

மாமா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தணிகாசலம் சார் என்றால் வில்லிவாக்கம் பக்கத்தில் பாதிப் பேர் அவரிடம் ஓடியவர்கள், மீதிப் பேர் அடி வாங்கியவர்கள். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்க வேண்டிய குரலில்தான் உப்பு கொண்டா என்பார். அந்தக் குரலுக்கு முதலில் பயந்தேன். பிறகு கவனித்தேன், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். மீன்கள் மிரளும் என்பார். கொளத்தூர் மீன் கடைகளில் அலைந்து, இந்த ஜோடிகளைச் சிறு குஞ்சுகளாக வாங்கி வந்து, கல் உப்பு போட்டு, தினமும் பாதித் தண்ணீரை மாற்றி வளர்த்தவர். மழை ராத்திரிகளில் தண்ணீர் குளிர்ந்துவிடுமோ என்று நடு நடுவே எழுந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பாராம். நான் ஒண்ணு செஞ்சு தரட்டுமா மாமா என்று கேட்டேன். இந்த வீட்டில் நான் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான் என்று இளங்கோ இன்றும் கிண்டல் செய்வான். கல்லூரியில் புராஜெக்டுக்கு வாங்கிய கையகலக் கம்ப்யூட்டர் போர்டு என் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதோடு ஒரு சென்சார், ஒரு ரிலே. ரிலே என்பது ஒன்றுமில்லை, போர்டு சொன்னபடி கேட்கும் ஒரு ஸ்விட்ச். தண்ணீர் குளிர்ந்தால் ஹீட்டருக்குக் கரண்ட் விடும், சூடானால் நிறுத்தும். எல்லாவற்றையும் ஒரு பழைய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் அடைத்து, மூடியில் ஓட்டை போட்டு வயர்களை வெளியே இழுத்தேன். மாமாவின் போனில் தமிழிலேயே வரும்படி எழுதிக் கொடுத்தேன். ஹீட்டர் எரிகிறது. ஹீட்டர் அணைந்துள்ளது. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அந்த டிபன் பாக்ஸைக் காட்டுவார். மீன் தொட்டிக்கு மூளை, என் மருமக வச்சது. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்பேன். வெட்கமாக இருக்கும். ஆனால் கேட்காமல் போக மாட்டேன்.

பற்று வைத்த இடங்களைப் பார்த்துவிட்டேன், கெட்டியாக இருக்கின்றன. அடாப்டரை மாற்றிப் பார்த்தேன், என் போன் சார்ஜரைப் போட்டும் எண்பத்தைந்து வருகிறது. அடுக்களையிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, சென்சாரை அதன் வயரைப் பிடித்துத் தொட்டியிலிருந்து தூக்கி டம்ளருக்குள் விட்டேன். மழைக்கு முந்தின புழுக்கத்தில் டம்ளர் தண்ணீரும் இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. ஒரு பிசிறு இல்லை. திரும்பத் தொட்டிக்குள் விட்டேன். முப்பது, முப்பது, எண்பத்தைந்து. அப்படியானால் சென்சார் மேல் தப்பில்லை, வயர் மேல் தப்பில்லை. டம்ளர் தண்ணீரில் இல்லாத எதுவோ தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. உப்பு இருக்கிறது. மீன் இருக்கிறது. மீன் கழிவு இருக்கிறது. இவற்றில் எது சென்சாரை உலுக்கும்? பூத்தட்டை எடுத்துக்கொண்டு அத்தை அந்தப் பக்கம் போனபோது இன்னும் சரியாகலையா என்று கேட்டார். தலையசைத்தேன். நடுநடுவுல உளறுதுன்னு சொல்ற, உங்க மாமா கை மாதிரி அதுக்கும் நரம்புக் கோளாறுதான் போல, அவரு மாத்திரையில ஒண்ண அதுக்கும் குடு என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார். என் சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது, இறக்கி வைக்கத் தெரியாமல். உங்க மாமா கை மாதிரி. உங்க மாமா கை. சாயங்காலமானால் மாமா வலது கையை வேட்டியில் தேய்ப்பார். நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் மாற்றிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்து, கையை உதறி, விரல்களை மடக்கி நீட்டி, தேய்ப்பார். சுள் சுள்ளுன்னு இழுக்குதும்மா, எறும்பு ஊர்ற மாதிரி. டாக்டர் எப்போதெல்லாம் என்று கேட்டபோது சாயங்காலத்தில்தான் என்று சொன்னாராம். சுகர் எத்தனை வருஷம் என்று கேட்டாராம் டாக்டர், சுகரால் நரம்பு கெட்டிருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். சாயங்காலத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. அத்தை கேட்கவில்லை. இளங்கோ கேட்கவில்லை. தினமும் அதே ஹாலில் இருக்கிற, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிற நானும் கேட்கவில்லை.

இல்லை, அப்படி இருக்காது. ஹீட்டர் இப்போது ஓடவே இல்லை. போனைப் பார்க்கிறேன். ஹீட்டர் அணைந்துள்ளது. நானே தட்டிய எழுத்து, பச்சை நிறத்தில். அணைந்திருக்கும் ஹீட்டர் என்ன செய்யும்? தண்ணீருக்குள் நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். இருந்தாலும் மேசை இழுப்பறையைத் திறந்து பச்சைப் பிடி டெஸ்டரை எடுக்கிறேன். எதற்கு எடுக்கிறேன் என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். மீன் தொட்டியில் டெஸ்டர் வைத்துப் பார்க்கிற பைத்தியம் யார்? மறுபடி ஸ்டூலில் ஏறி, காலை மடித்து, டெஸ்டரின் தலையில் விரலை வைத்துக்கொண்டு, முனையை மட்டும் தண்ணீரில் தொடுகிறேன்.

எரிகிறது.

டெஸ்டரின் வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் சின்னப் புள்ளி. பகல் வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரிகிறது. கையை எடுக்கிறேன், அணைகிறது. மறுபடி தொடுகிறேன், எரிகிறது. இந்தக் கோடியில் தொடுகிறேன், எரிகிறது. அந்தக் கோடியில் தொடுகிறேன், எரிகிறது. மீன்கள் சாப்பாடு என்று நினைத்து டெஸ்டர் முனையைப் பார்க்க வருகின்றன. ஒரு மீன் உதட்டைக் குவித்து அதைத் தொட்டே பார்க்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்கைக்கு ஒன்றும் ஆகாதது போல. தண்ணீர் முழுவதும் ஒரே கரண்ட், போவதற்கு வழியில்லாமல் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. அது போவதற்கு வழி வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒருவர் வந்து கையை விட வேண்டும், அவர் கால் தரையில் இருக்க வேண்டும். என் காது அடைத்துக்கொண்டுவிட்டது. ஃபேன் சத்தம் எங்கோ மாடியிலிருந்து வருவது போல இருக்கிறது. போனில் எழுத்து மாறவில்லை, ஹீட்டர் அணைந்துள்ளது, ஹீட்டர் அணைந்துள்ளது. நான் இறங்கினேனா, எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறேன், அது என் கையில் இருக்கிறது. திரும்பிப் போய் டெஸ்டரைத் தண்ணீரில் தொடுகிறேன். எரியவில்லை. மறுபடி தொடுகிறேன். எரியவில்லை. சென்சார் முப்பது, முப்பது, முப்பது என்கிறது, சரியாகிவிட்டேன் என்கிறது.

ஹீட்டரைத் தூக்கிப் பார்க்கிறேன். கழுத்துக்குக் கீழே கண்ணாடியில் முடி போல ஒரு விரிசல், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு போகிறது. விரிசல் விழும்தான், இந்த ஹீட்டர்களுக்கு அது சகஜம். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் போதும். அதற்காகத்தான் மாமா முன்பெல்லாம் பிளக்கைப் பிடுங்குவார். தண்ணீரில் கை வைப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கி, அதைச் சோபாவின் மேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டுத்தான் கையை விடுவார். மைதானத்தில் ஈட்டி எறிவதற்கு முன்னால் எல்லாரையும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்துவது போல. ஒரு நாள் தவறியதில்லை என்பார் அத்தை. அந்தப் பழக்கத்தை நிறுத்தியது நான். இனிமே பிளக்கெல்லாம் பிடுங்க வேணாம் மாமா, போன்ல அணைச்சாப் போதும். நான்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரத்தில் பிடித்து, ஒரு விரலால் அழுத்தி, அணைந்துள்ளது என்று சத்தமாகப் படித்துவிட்டு, சரியா இன்ஜினியரம்மா என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கையை உள்ளே விடுவார். தினமும். நான் ம் என்பேன். தினமும். ஹீட்டருக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை வெட்டித்தான் ரிலேயை வைத்தேன். கரண்ட் வருகிற வயரை வெட்ட வேண்டும். வெட்டினேன். ஆனால் இந்த இரண்டு கால் பிளக் இந்தப் பக்கமும் நுழையும், அந்தப் பக்கமும் நுழையும். அத்தை தரை துடைப்பதற்காகப் பிடுங்கி, திருப்பி மாட்டியிருப்பார், நானே மாட்டியிருப்பேன், யார் மாட்டினால் என்ன, மாறி மாட்டினால் நான் வெட்டியது திரும்பிப் போகிற வயர். அப்போது ரிலே அணைத்தாலும் வருகிற கரண்ட் ஹீட்டருக்குள் வந்து நிற்கும், போக வழியில்லாமல், விரிசல் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி, ஒரு கைக்காகக் காத்திருக்கும். இந்தப் பழைய வயரிங் வீட்டில் ஷாக் அடித்தால் தானாக விழும் டிரிப் ஸ்விட்ச் கூடக் கிடையாது. முதலாம் வருஷம் லேபில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். கரண்ட் வயரில்தான் ஸ்விட்ச் இருக்க வேண்டும், ஏன் என்று விளக்குக. விளக்கினேன். படம் போட்டு விளக்கினேன்.

எப்படி உயிரோடு இருக்கிறார்? இதை நினைக்கக் கூடாது, ஆனால் நாக்குப் பல்லில் போய் இடிப்பது போல நினைவு அங்கேயே போய் இடிக்கிறது. எப்படி உயிரோடு இருக்கிறார்? செருப்பு. சுகர்காரர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. வீட்டுக்குள்ள செருப்பா என்று அத்தை அதைத் தினம் கரித்துக்கொட்டுவார், சாமி படத்துக்கு முன்னால் வந்தால் முறைப்பார். அந்த ரப்பர்தான் அவருக்கும் தரைக்கும் நடுவில் நின்றது. அதனால்தான் சுள் சுள் என்று மட்டும் இழுத்தது. இன்று காலையில் அத்தை, ஆடி வெள்ளியும் அதுவுமா இன்னிக்கு ஒரு நாளாவது அந்தச் செருப்ப வெளியில விடுங்க என்றார். உங்க அம்மனுக்கு என் செருப்பப் பாக்கறதுதான் வேலையா என்று மாமா முனகினார், ஆனால் கழற்றிவிட்டார். வாசலில் கிடக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து. தரை ஈரம். உப்புத் தண்ணீர். இன்றைக்கு வெறுங்கால். நான் இந்த எண்பத்தைந்தைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் வந்து போனை எடுத்து, அணைந்துள்ளது என்று படித்து, சரியா இன்ஜினியரம்மா என்று கேட்டு, நான் அடுக்களையிலிருந்து ம் என்று. அந்த ம். கை உள்ளே போகிறது. என் கண்ணுக்கு முன்னால் கை உள்ளே போகிறது, மறுபடி போகிறது, நிறுத்த முடியவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழுகிறார், ஒரு முறை தொட்டியோடு, ஒரு முறை சத்தமே இல்லாமல். அத்தை குத்துவிளக்குத் திரியை உருட்டிக்கொண்டே எட்டிப் பார்க்கிறார். பிளக் என் கையில்தான் இருக்கிறது. இருக்கிறது, பிடுங்கிவிட்டேன். மறுபடி கையைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பித்தளைக் கால். பிடுங்கிவிட்டேன்.

புது ஹீட்டர் ஒன்று வாங்கிவிடலாம். கொளத்தூருக்கு ஷேர் ஆட்டோவில் போய் வருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. மூன்று கால் பிளக் போட்டு, இரண்டு வயரையும் அறுக்கும் ரிலே வைத்து, நாளை மதியத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். ஹீட்டர் கெட்டுப்போச்சு மாமா, மாத்திட்டேன். அவ்வளவு சொன்னால் போதும், அதைக்கூட ஒரு ம்-முக்குள் அடக்கிவிடலாம். மீன் தொட்டிக்கு மூளை அப்படியே இருக்கும். வருகிறவர்களிடம் காட்டுவார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் கை ஒரு வாரத்தில் சரியாகிவிடும், மாத்திரை வேலை செய்கிறது என்று அத்தை அம்மனுக்கு மாவிளக்கு போடுவார். மாத்திரை. காலையில் எழுந்ததிலிருந்து அவரை மந்தமாகத் தள்ளாட வைக்கிற, சாப்பிடும்போதே தூங்க வைக்கிற அந்த மாத்திரையை அவர் விழுங்கிக்கொண்டே இருப்பார். கை நம்பகமில்லை என்று ஸ்கூட்டர் சாவியை இளங்கோவிடம் கொடுத்துவிட்டார். அது ஓசூரில் இருக்கிறது. மார்க்கெட்டுக்கு நடந்து போய் மூச்சு வாங்க வருகிறார். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரிலிருந்து அவர் சிநேகிதர் வேணு வண்டி எடுத்து வருகிறார், மீன்களைத் தொட்டியோடு கொண்டுபோக. கை மரத்துப் போனவன் மீன் வளர்க்கக் கூடாதும்மா, அதுங்களுக்கு ஆபத்து என்று அன்றைக்கு மெதுவாகச் சொன்னார். மீன்களுக்கு ஆபத்து. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கொண்டுவந்த காபி ஆறிப்போயிற்று. ஒரு வாக்கியம் சொன்னால் இது எல்லாம் நின்றுவிடும். மாமா, உங்க கைக்கு ஒண்ணும் இல்ல, தண்ணியில கரண்ட் இருந்துச்சு, நான் வச்சது. கடைசி இரண்டு வார்த்தைதான் வாயில் வரவில்லை. அது இல்லாமலும் சொல்லலாம். ஹீட்டர் விரிசல் மாமா, அதான். விரிசல் யார் தப்பும் இல்லை. ஆனால் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தவரை யார் நிறுத்தியது என்று அத்தை ஒருநாள் யோசிப்பார். ரசம் கொதிக்கும்போதுதான் அவருக்கு எல்லாம் தோன்றும். கொல்லப் பார்த்தியாடி என்று கேட்க மாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பேசாமல் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை இப்போதே முதுகில் உணர்கிறேன். ஓசூருக்கு போன் போகும். எங்கள் வீட்டுக்கு, ராணிப்பேட்டைக்கு, போன் போகும். அம்மா, நீ எதுக்கும்மா அங்க போயி இந்த வேலையெல்லாம் என்று அழுவாள். டிபன் பாக்ஸ் குப்பைக்குப் போகும். அதன் பிறகு இந்த வீட்டில் நான் யார்?

உள்ளறைக் கட்டில் கிறீச்சிடுகிறது. இருமுகிறார். தாழ்ப்பாள், குளியலறைக் கதவு, பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம், முகம் கழுவுகிறார், இதெல்லாம் எனக்கு மனப்பாடம், அடுத்தது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நேராகத் தொட்டிக்கு வருவார், காபிக்கு முன்னால் தண்ணீர், அதுதான் வரிசை. வருகிறார். வெறுங்கால் ஈரத்தரையில் சப் சப் என்கிறது. ஸ்டூலையும் டிபன் பாக்ஸையும் பார்த்துவிட்டு, என்ன இன்ஜினியரம்மா, ஆபரேஷன் சக்ஸஸா என்கிறார். மாத்திரை மயக்கத்தில் குரல் கொஞ்சம் குழறுகிறது. மூடியைத் தூக்குகிறார். ஒரு மீன் மேலே வருகிறது. போனை எடுக்கவில்லை, நான் அங்கே நிற்பதாலோ என்னவோ படித்துப் பார்க்காமலே, என்னை நம்பி, வலது கையைத் தண்ணீரை நோக்கி இறக்குகிறார். பிளக் என் கையில் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனாலும் கத்துகிறேன்.

"கைய வைக்காதீங்க."

என் குரல்தானா என்று தெரியவில்லை. சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. மாமா தண்ணீருக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் கையோடு நின்றுவிட்டார், விசில் ஊதியதும் நிற்கிற பையனைப் போல. அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வருகிறார், கையில் திரியோடு. இந்த வீட்டில் யாரும் நான் கத்திக் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. பிறகு நான் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லவில்லை, முதலில் பிளக், பிறகு கை வழியாகப் போய்க் கால் வழியாக இறங்கும் கரண்ட், பிறகு விரிசல், திரும்பவும் பிளக். டெஸ்டரைக் காட்டுகிறேன், எரிந்ததைச் சொல்கிறேன், போன்ல அணைச்சாப் போதும்னு நான்தான் சொன்னேன் என்பதை இரண்டு முறை சொல்கிறேன், ஒரு முறை சொன்னது அவருக்குக் கேட்டிருக்காதோ என்று. நான் வச்சது. சொல்லிவிட்டேன். அத்தை வாசலைப் பார்க்கிறார். செருப்பைப் பார்க்கிறார். நான் சொல்லாத பாகத்தை அவரே போட்டுப் பார்த்துவிட்டார் என்று அவர் முகம் வெளுப்பதில் தெரிகிறது. நானா கழட்டச் சொன்னேன், இன்னிக்குப் பார்த்து நானா என்று கேட்டுக்கொண்டே ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார், விளக்குப் பூஜைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு. மாமா என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இனிமேல் என்ன வரும் என்று காத்திருக்கிறேன், மைதானத்துக் குரல் வரும், வரட்டும்.

"அப்ப என் நரம்புக்கு ஒண்ணுமில்லயா?"

கேட்கிறார் மாமா. பிளக்கைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, இப்ப வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, கையைத் தண்ணீருக்குள் விடுகிறார். கையை உள்ளே வைத்துக்கொண்டே நிற்கிறார், விரல்களை விரிக்கிறார், மடக்குகிறார். வேதவல்லி, இழுக்கலடி என்கிறார் அத்தையிடம். ஒண்ணுமே இழுக்கல. சிரிக்கத் தொடங்குகிறார், தொட்டிக்குப் பக்கத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, மீன்கள் மிரண்டு மூலைக்கு ஓடுகின்றன, அவர் கவனிக்கவில்லை. அந்த டாக்டரக் கூட்டியா, இந்தத் தண்ணியில கைய வைக்கச் சொல்லு என்கிறார். வேணுவுக்கு போன் போட்டு வண்டி வேணாம்னு சொல்லு, பையன ஸ்கூட்டர் சாவியக் கொண்டாரச் சொல்லு. அத்தை, நீங்க செத்துப் போயிருப்பீங்க, சிரிக்கிறீங்களே என்று அழுகிறார். செத்தாத்தான் என்ன, வியாதிக்காரனா சாகலல்ல என்கிறார். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை, அவ்வளவு சந்தோஷம். கை உள்ளே போகிற காட்சி மட்டும் என் கண்ணில் இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் சிரிக்கச் சிரிக்க அவர் விழுந்துகொண்டே இருக்கிறார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடி உள்ளே போகிறார். அவர் போனதும் மாமா கதவைப் பார்க்கிறார், பிறகு என் பக்கம் குனிகிறார். கை இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது. மீன்களிடம் பேசுகிற அந்த இறங்கின குரல்.

"வினோம்மா, ராத்திரியில ரெண்டு பாதமும் நெருப்புல வச்ச மாதிரி எரியுது. நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க அத்த பயப்படுவான்னு. அதுவும் இந்தக் கரண்டாலதான?"

முகம் முழுக்க நம்பிக்கை. நான் ஆமாம் என்று சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், ம் போதும். கரண்ட் கை வழியாப் போயி கால் வழியா இறங்கும் என்று நான்தானே இப்போது சொன்னேன், அவரே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், நான் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினால் அந்தக் கணக்கு முடிந்துவிடும், மாத்திரை குப்பைக்குப் போய்விடும், இந்தச் சிரிப்பு இப்படியே இருக்கும். தொண்டைக்குள் அது வந்தேவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்க்கிறேன், அவர் பாதங்களை. பிறகு பாதங்களுக்குப் பின்னால் தரையை. குளியலறையிலிருந்து தொட்டி வரைக்கும் ஈர மொசைக்கில் அவர் நடந்து வந்த தடம் இருக்கிறது, வலது, இடது, வலது, இடது. இடது தடம் ஒவ்வொன்றிலும் குதிகால் இடத்தில் சிவப்பு. தூரத்தில் வெளிறி, கிட்டே வர வர அடர்த்தியாக. அவர் நிற்கிற இடத்தில் குதிகாலைச் சுற்றி ஒரு சின்னக் குட்டை போலத் தேங்கி, தரை ஈரத்தோடு கலந்து மெல்லப் பரவிக்கொண்டிருக்கிறது. எதன் மேல் மிதித்தார், எங்கே மிதித்தார், தெரியவில்லை. அந்தக் காலில்தான் முழு எடையையும் ஊன்றி நிற்கிறார்.

"இல்ல மாமா," என்கிறேன். "அது கரண்டால இல்ல. உட்காருங்க, கால அசைக்காம உட்காருங்க."

கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "ஏம்மா, என்னாச்சு?" என்கிறார். அவருக்கு வலிக்கவே இல்லை.